முன் சீட்டுக்காரன் தலை

ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் போகும் பேருந்து. எனக்கு முன்னிருக்கையில் இரண்டு பெண்கள்.

"எத்தன தடவ பாத்தாலும் அவன் சரியா அந்த நேரத்துலதான் எந்திரிக்கிறான்" என்றாள் ஜன்னலோரத்தில் இருந்தவள்.

"எவன் மதினி?" என்றாள் பக்கத்திலிருந்த இளையவள்.

"தனுஷ்கோடியில படம் எடுத்தாகள்ல, அதுல எங்க வீட்டுக்காரவுக வலையத் தோள்ல போட்டுக்கிட்டு நடந்து வாராக. கொழுந்தன் அந்தப் படத்த நெட்டுல இறக்கிக் குடுத்தான். எவனோ தியேட்டர்ல உக்காந்து திருட்டுத்தனமா ஃபோன்ல எடுத்தது. அவுக முகம் வர்ற நேரம் பாத்து முன் சீட்டுக்காரன் எந்திரிக்கிறான். அவன் தலதான் தெரியுது."

"அப்பிடி இறக்கிப் பாக்குறதே குத்தமாம்ல மதினி. கேசு போடுவாகளாம்."

"ஊரே அப்பிடித்தான பாக்குது? எங்க மாமியா ஃபோனப் பாத்து, 'ஏலே, உக்காருடா'ன்னு கத்துறாக. அவனுக்கா கேக்கப்போகுது? நாளையோட படத்தத் தூக்குறாகளாம். அதான் இன்னைக்குத் தியேட்டருக்கே போறேன்."

பேருந்து பாம்பன் பாலத்தில் ஏறியது. இளையவள் மதினி பக்கம் திரும்பினாள்.

"அங்கனயும் எவனாச்சும் எந்திரிச்சா?"

"எந்திரிச்சா, உக்காருடான்னு சத்தம் போடுவேன். அங்கன நானும் டிக்கெட் எடுத்தவதான?"