விதிப்படிதான் நடந்தது

காட்டுப்பூண்டு இலையைத் தேங்காய்ப்பூ போட்டு வறை செய்தால் சோறு கொஞ்சம் கூடுதலாக இறங்கும். வசந்தத்தில் எங்கள் பண்ணையின் ஓடைக்கரை முழுக்க அதுதான். பக்கத்திலேயே, பார்வைக்கு அதே மாதிரி, நஞ்சுள்ள இன்னொரு இலையும் முளைக்கும். கசக்கினால் பூண்டு மணக்காது.

சுவிஸில் ரெனான் என்ற ஊருக்கு மேலே உள்ள அந்த நிலம் பதினொரு குடும்பங்களுக்குப் பொது. சேர்ந்து விதைத்து, விளைவதைச் சமமாகப் பகிர்வோம். குடும்பத்துக்கு ஒரு வாக்கு. பறித்த இலையை இன்னொருவர் மணந்து பார்த்த பிறகே வீட்டுக்குக் கொண்டுபோகலாம். விதிகளை எழுதியவள் நான்.

சச்சிதானந்தன் நல்ல மனிதர். நிலத்தை ஆளுக்கொரு துண்டாகப் பிரிக்க வேண்டும் என்றதுதான் குறை.

“புல்லுப் பிடுங்க ஒருத்தரும் வரமாட்டினம், மனோகரியக்கா. சாப்பிட எல்லாரும் வருவினம்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஞாயிறு கூட்டத்துக்கு அவரிடம் ஆறு வாக்குகள் இருந்தன.

கொரோனாவுக்குப் பிறகு அவருக்கு மணம் தெரியாது. வெள்ளிக்கிழமை ஒரு பை இலையோடு வந்தார்.

“என்ர மூக்கு இன்னும் லீவிலதான். ஒருக்கால் மணந்து பாருங்கோ அக்கா.”

கசக்கினேன். வெறும் புல் மணம்.

“ஓம், நல்ல பூண்டு.”

“ஏதும் நடந்தால் ஆவியா வந்து வோட்டுப் போடுவன்.”

அவர் மனைவி ஜெயந்தி கீரை தொடுவதில்லை. மகள் பள்ளிச் சுற்றுலா போயிருந்தாள். முன்பே விசாரித்திருந்தேன், எனக்கும் இரக்கம் உண்டு. ஓடைக்கரையில் அவர் பறித்த மூலையில் இலை நிறைய இருக்கிறது என்று அவரிடம் சொன்னதும் நான்தான்.

ஞாயிறன்று அவர் மருத்துவமனையில் கிடந்தார். ஐந்துக்கு ஐந்து, பிரிவினை தோற்றது. செவ்வாயன்று இறந்தார். யாரிடமும் காட்டாமல் கொண்டுபோய்விட்டார் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் போன கூட்டத்தில் ஜெயந்தி எழுந்து நின்றாள்.

“எல்லாரும் பாப்பினம் எண்ட இடத்தில ஒருத்தரும் பாக்கிறேல்லை. இத்தனை பேர் இருந்தும் அந்த மனுசனை ஆர் பாத்தது?”

பத்துக்கு ஒன்று. அடுத்த மாதம் வேலி போடுகிறார்கள்.

அதனால்தான் நானாகவே பொலிஸ் நிலையம் தேடி உங்களிடம் வந்தேன். கூட்டு முறையில் ஒரு பிழையும் இல்லை. விதிப்படியே நான் மணந்து பார்த்தேன். தெரிந்தே கொன்றேன். இதை அப்படியே எழுதி, ஒரு பிரதியை எங்கள் பண்ணைச் சங்கத்துக்கு அனுப்புங்கள். உண்மை தெரிந்தால் அவர்கள் மறுபடியும் ஒருவரை ஒருவர் நம்புவார்கள்.