கல்வெட்டில் வந்த ஆமிக்காரன்

எறிகணை வருகிறது. தூரத்தில் ‘டும்’. பிறகு கூவல். ஆறு எண்ணுவதற்குள் வெடிக்கும். வெள்ளிக்கிழமை. காலை ஏழு மணி. பங்கருக்குள் ஆறு பேர் இருக்கிறோம்.

“படுங்கோ! எல்லாரும் படுங்கோ!”

அப்பாவின் குரல். அதன்பிறகு அவர் பேசவில்லை. மண் சரிந்து மூடியது. என்னையும் செல்வியையும் மட்டுமே உயிரோடு இழுத்தெடுத்தார்கள். செல்வி பக்கத்து வீட்டுக்காரி. என் வயது. பின்னேரமே அடுத்த இடத்துக்கு ஓடினோம். முப்பத்தொன்றாம் நாள் சடங்கு இல்லை. கல்வெட்டும் இல்லை.

செத்தவரின் பெயர், ஊர், வாழ்க்கை எல்லாம் எழுதி அன்று கொடுக்கிற சிறு புத்தகத்தைத்தான் கல்வெட்டு என்போம். என் வீட்டு நால்வருக்கும் அது கிடைக்கவில்லை.

இப்போது ரொறன்ரோ. டோர்செட் பார்க். செல்வியும் நானும் ஒரே மாடிக்கட்டடம். இந்த வருடத் திவசத்துக்காவது கல்வெட்டு அடிக்க நினைத்தேன். எனக்கு எழுத வராது. செல்வி பல்கலைக்கழகத்தில் பழைய யப்பான் கதைகளை ஆராய்கிறவள். கதை சொல்லத் தொடங்கினாள் என்றால் அடுப்பில் கறி அடிப்பிடிக்கும். வாள்வீரர்கள் ஆட்சியைப் பிடித்த காலத்துப் பௌத்தக் கதைகள். ஆட்சி செய்தவர்கள் வீரர்கள். கோயிலுக்கு அள்ளிக் கொடுத்தவர்களும் வீரர்கள். அதனால் கதைகளுக்குள்ளும் வீரன் புகுந்தான். வெட்டினான். அழுதான். மொட்டையடித்துத் துறவியானான். மோட்சமும் அவனுக்கே. வெட்டுப்பட்டவருக்குப் பெயர்கூடக் கிடையாது. இதைச் சொல்லித் தந்தவளே அவள்தான்.

அவளை நம்பிக் கல்வெட்டை எழுதக் கொடுத்தேன். எழுதியதை வாங்கிப் பார்க்கவில்லை. என் பிழை.

ஞாயிற்றுக்கிழமை. மில்லிக்கனில் ஒரு மண்டபத்தில் திவசம். அச்சகத்திலிருந்து பெட்டி நேரே வந்தது. எல்லோருக்கும் கொடுத்தாயிற்று. பிறகுதான் விரித்தேன். பங்கர் வாசலில் இராணுவ உடுப்போடு ஓர் ஆமிக்காரன் நிற்கிறான். செத்த பிள்ளையைப் பார்க்கிறான். துவக்கை எறிகிறான். காவி உடுக்கிறான். பக்கம் பக்கமாக அவன். என் ஆட்கள் ஒரே ஒரு சொல். ‘நால்வர்.’

“ஆரடி உவன்? எங்கட பங்கருக்கு ஆமி வரவேயில்லை!”

“ஓம், வரேல்லை. ஆனா ஒருத்தன் திருந்தினாத்தானே வாசிக்கிற சனத்துக்கு மனசு ஆறும்.”

எறிகணை அடித்தவனுக்கு என்னைத் தெரியாது. இவள் என் கையைப் பிடித்தபடி மண்ணுக்குள் கிடந்தவள்.

அவள் எழுதாததை எழுதுகிறேன். அப்பா தேவராசா. அம்மா மனோன்மணி. அண்ணா குகன். தங்கை வாணி, ஒன்பது வயது. வெள்ளிக்கிழமை இழந்தது நான்கு பேரை. கண்ட சாட்சிகள் இரண்டு பேர் மிஞ்சினோம். அந்த ஞாயிற்றுக்கிழமையோடு நான் ஒருத்திதான்.