சும்மா உட்கார்ந்திருந்த கெப்பாசிட்டர்கள்

தங்கை வீட்டோடு இருப்பதில் எனக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை, ஐயா. மாடியில் காற்றோட்டமான அறை. என் சட்டையைக்கூட அவளே இஸ்திரி போட்டு வைப்பாள்.

மாப்பிள்ளையும் நானும் ஒரே கம்பெனியில் சிப் வடிவமைப்பவர்கள். இதயத் துடிப்பு தவறினால் மின்துடிப்பு கொடுத்து ஓடவைக்கும் பேஸ்மேக்கருக்கான சிப். அதில் இதயத்தைக் கேட்கும் பகுதி என்னுடையது. கணக்குப் போடும் பகுதி அவருடையது. அவருடைய பகுதி மொத்தமாக விழித்துக்கொண்டால் மின்சப்ளை ஒரு குலுங்கு குலுங்கும். அந்தக் குலுக்கலை என் பகுதி இதயத் துடிப்பு என்று நம்பிவிடும். நின்றுபோன இதயத்தை ஓடுவதாக நினைத்துப் பேசாமல் இருந்துவிடும். அதைத் தடுக்கத்தான் சப்ளைக் கம்பிகளின் ஓரமாகக் கெப்பாசிட்டர்களை அடுக்கியிருந்தேன். சப்ளை தடுமாறும் கணத்தில் கையிருப்பு மின்சாரத்தைக் கொடுத்துத் தாங்குவதைத் தவிர அவற்றுக்கு வேறு வேலை கிடையாது.

சிப்பில் இடம் போதவில்லை என்று கூட்டம் போட்டார்கள். மாப்பிள்ளை திரையில் என் கெப்பாசிட்டர்களைக் காட்டினார்.

"இதுங்களைப் பாருங்க. ஒரு வேலையும் செய்யாம இடத்தை அடைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கு. எங்க வீட்டு மாடியில ஒண்ணு இருக்கே, அது மாதிரி. என்ன மச்சான்?"

அறையே சிரித்தது. நானும் பல்லைக் காட்டினேன்.

"அப்ப எடுத்துடட்டுமா மாப்பிள்ளை?"

"தாராளமா எடுங்க."

எடுத்துவிட்டேன். எடுத்தால் ஆபத்து என்று எச்சரிப்பது என் வேலை, வாயைத் திறக்கவில்லை. அவருடைய பகுதி முழுவதையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டுப் பார்க்கும் சோதனையும் என் பொறுப்புதான். அதை நடத்தாமலே நடத்தியதாகச் சொன்னேன். சிப் தேறியது. அவருக்குப் பதவி உயர்வு கிடைத்தபோது நானும் கைதட்டினேன். யாரோ முகம் தெரியாத நாலு பேருக்குப் பிரச்சினை வரும், அவர் தலை உருளும் என்று பொறுமையாக இருந்தேன்.

தங்கைக்கு இதயம் பலவீனமானது அதற்கப்புறம்தான். மாப்பிள்ளை பெருமையோடு தன் சிப் இருக்கும் கருவியையே தேர்ந்தெடுத்தார். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புமுன் அவள் மாடியேறி என்னிடம் வந்தாள்.

"அண்ணா, நம்பி வெச்சுக்கலாமா? நீ சொன்னா வெச்சுக்கறேன்."

"உன் வீட்டுக்காரர் செஞ்சதும்மா. அதுல குறை இருக்குமா?"

முகம் தெளிந்து இறங்கிப்போனாள்.

போன வாரம் சமையலறையில் சரிந்தாள். அந்த நேரம் கருவி ஆஸ்பத்திரிக்குத் தகவல் அனுப்பிக்கொண்டிருந்தது. கணக்குப் பகுதி முழுவதும் விழித்திருந்தது. இதயம் நின்றிருந்தது. துடிக்கிறது என்று கருவி நம்பிக்கொண்டிருந்தது.

தன் தப்புதான் என்று மாப்பிள்ளை தலையில் அடித்துக்கொண்டு அழுகிறார். நான் செய்ததற்கும் அவர் பெயரா? அதைப் பொறுக்கமுடியாமல்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

ஒன்றை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். என் கோபமெல்லாம் அவர்மேல்தான். தங்கைமேல் எனக்கு எதுவும் கிடையாது. கூட்டத்தில் செய்த கேலியை அன்றைக்கே சாப்பாட்டு மேஜையிலும் ஒருமுறை சொல்லிக்காட்டினார். எனக்குப் பரிமாறிக்கொண்டே அவள் சிரித்தாள், அவ்வளவுதான்.