சொட்டு ரத்தம் இல்லாமல்

– அப்படிப் பிடிக்காதே. இது சவரக் கத்தி, துணி வெட்டுற கத்தரிக்கோல் இல்லை. மூணு விரல் மேலே, சுண்டுவிரல் வாலுல, கட்டைவிரல் கீழே தாங்கணும்.

– அப்படித்தான் பிடிச்சிருக்கேன்.

– கொஞ்சம் முன்னால நீட்டு, கண்ணாடியில பார்க்கணும். ஆங், அதுதான். என் தொழில்ல, கடைக்கு வந்தவன் முகத்தை நேரா பார்த்துச் சிரைக்கிறவன் அரை ஆள். கண்ணாடியில பார்த்துச் சிரைக்கிறவன்தான் முழு ஆள்.

– சுவர்க் கண்ணாடியைக் காலையிலேயே கழட்டித் துடைச்சு மாட்டிட்டேங்க.

– தெரியுதே, பளிச்சுன்னு இருக்கு. ஷட்டரைப் பாதி இறக்கிட்டியா? யாராவது எட்டிப் பார்த்தா என் மானம் போயிடும். கட்டின பெண்டாட்டிகிட்ட கழுத்தைக் காட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கான்னு பேசுவாங்க.

– இறக்கியாச்சு. அது கிடக்கட்டும், பந்தயத்தை இன்னொரு தரம் சொல்லுங்க. அப்புறம் பேச்சு மாறக்கூடாது.

– ஒரு சொட்டு ரத்தம் வராம நீ என் முகத்தை மழிச்சு முடிச்சேன்னா, நாளன்னைக்குக் கல்யாண மாப்பிள்ளைக்கு நீயே ஷேவிங் பண்ணு. இந்த நாற்காலி உன்னுது. ஒரு சொட்டு வந்தாலும், நாளைக்கு என் கைக்கட்டு பிரிச்சதும் நான்தான் பண்ணுவேன். நீ பேசாம தையல் மிஷினுக்குப் போயிடணும். போதுமா, தையல்காரி?

– போதும். தலையைச் சாய்ங்க.

– நுரை தடவிச் சிரைச்சுப் பழகுறேன்னு பதினொரு பலூனை உடைச்சவ கையில உசிரைக் கொடுத்திருக்கேன் பாரு.

– பன்னிரண்டாவது உடையலை.

– பலூன் எச்சில் முழுங்காதும்மா. சரி, வலது கன்னம். இடது கையால காதுகிட்ட தோலை மேலே இழு. இன்னும். கத்தியைப் படுக்க வச்சுக்கோ, ஆனா ஒட்டப் படுக்க வைக்காதே. கீழ்ப்பக்கமா மட்டும் இழுக்கணும். குறுக்கே ஒரு நூல் நகர்ந்தாலும் அறுத்துடும்.

– துணியில நூலோட்டம் பார்க்கிற மாதிரிதானே? முடி போற பக்கம்.

– அட, பரவாயில்லையே. ம். சத்தம் கேட்குதா? சரசரன்னு வரணும். கரகரன்னு வந்தா கத்தி நிமிர்ந்துடுச்சுன்னு அர்த்தம். சத்தமே இல்லைன்னா நீ நுரையை மட்டும் வழிக்கிறேன்னு அர்த்தம்.

– இப்போ?

– நிமிர்ந்துடுச்சு, படுக்க வை. ஆங். என் தொழில்ல பாதி காதுல இருக்கு, புரியுதா?

– புரியுது. காதுன்னதும் தபால்காரர் ஞாபகம் வருது.

– அதை ஏன் இப்போ இழுக்கிற?

– அவர் காதுல மூணு தையல் போட்டாங்களே.

– அந்த ஆளு வாசல்ல நிறுத்தின சைக்கிளைத் திரும்பிப் பார்த்தான். கத்தி என்ன பண்ணும்? ரெண்டு வருஷமா வர்றவன், ஆடாம உட்காரத் தெரியலை.

– அவர் சம்சாரம் ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்தாங்க. வீட்டுக்காரர் திரும்பவே இல்லையாம். கன்னத்துக்கு வர வேண்டிய கத்தி நேரா காதுக்கு வந்துச்சுன்னு சொன்னாங்க.

– அவங்க பக்கத்துல நின்னு பார்த்தாங்களா?

– அவங்க பார்க்கலை. நானும் பார்க்கலை. இடது கன்னத்துக்கு வரேன், திரும்புங்க.

– கை நடுங்குது உனக்கு.

– நடுங்கலை.

– கண்ணாடியில தெரியுது.

– அப்படியா? அப்போ ஒரு நிமிஷம் நிறுத்திக்கிறேன்.

– பயமா இருந்தா விட்டுடு. தோத்தவள்னு உன்னை யாரும் கேலி பண்ணப் போறதில்லை.

– பயமாத்தான் இருக்கு.

– கத்தியைப் பார்த்தா?

– கத்தியைப் பார்த்து இல்லைங்க. பேசாம இருங்க, கன்னம் அசையுது.

– ம்.

– கன்னம் ரெண்டும் முடிஞ்சுது. துண்டைப் பாருங்க, வெள்ளையா இருக்கு.

– பார்த்தேன், பார்த்தேன். கன்னம் யார் வேணும்னாலும் பண்ணிடுவாங்க. இனிமேதான் இருக்கு உனக்கு. தொண்டை. குரல்வளை மேலே நேரா கத்தி போகக்கூடாது. தோலை ஒரு பக்கமா இழுத்து, எலும்பை விட்டு நகர்த்திட்டு அப்புறம் வை. நான் எச்சில் முழுங்கி, மூச்சைப் பிடிச்சுக்கிறேன். அதுக்குள்ள ஒரு இழுப்பு. அவ்வளவுதான்.

– நீங்க மாப்பிள்ளைக்கும் இப்படித்தான் வைப்பீங்களா?

– பின்னே?

– சரி. முழுங்குங்க. வச்சுட்டேன். இப்போ நீங்க பேச முடியாது, அசையவும் முடியாது, அதனால நான் பேசுறேன். இருபது வருஷமா ஏறி இறங்குற கடைப்படியில விழுந்து மணிக்கட்டை உடைச்சுக்கிட்டீங்க. படி ஈரமா இருந்துச்சுன்னு சொன்னீங்க. அன்னைக்கு நான்தான் கடையைக் கூட்டினேன், ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தலை. பேப்பர் வந்தா மடிச்சபடியே கிடக்குது. கேட்டா, செய்தி எல்லாம் ஒரே மாதிரி இருக்குன்னு சொல்றீங்க. நேத்து சட்டையில மேல் பட்டனைக் கீழ் ஓட்டையில போட்டுக்கிட்டு வந்து நின்னீங்க. கை கட்டுல இருக்குன்னு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். அந்த மாப்பிள்ளைக்கு இருபத்தாறு வயசு. அவன் அம்மா நேத்து வந்து, என் பிள்ளைக்கு அவர் கையாலதான் பண்ணணும்னு சொல்லிட்டுப் போச்சு. எனக்கு ராத்திரி தூக்கமே வரலை. ம், எடுத்துட்டேன். மூச்சை விடுங்க.

– பாவி. கழுத்துல கத்தியை வச்சுக்கிட்டு இவ்வளவு நீளமாவா பேசுவாங்க?

– வேற எப்போ நீங்க குறுக்கே பேசாம கேட்டிருக்கீங்க?

– எனக்கு ஒண்ணும் இல்லை. வயசானா படியில விழுறதுதான். பட்டன் மாறிப் போடாத மனுஷன் உண்டா?

– டாக்டரைப் பார்ப்போமான்னு மூணு தரம் கேட்டேன்.

– கையைப் பார்த்தாச்சே.

– நான் கையைச் சொல்லலை.

– இந்தா, நல்லாக் கேட்டுக்கோ. பதினாறு வயசுல இந்தக் கத்தியைப் பிடிச்சேன். தெருவுல போனா யாரும் என் பேரைச் சொல்லிக் கூப்பிடுறதில்லை, கத்திக்காரர்னுதான் கூப்பிடுறாங்க. அதையும் நீ வாங்கிக்கிட்டா, நான் யாருடி? காலையில எழுந்து எங்கே போவேன்? உன் மிஷின் பக்கத்துல உட்கார்ந்து ஊசியில நூல் கோக்கவா?

– ஊசியில நூல் கோத்துக் கொடுங்கன்னு போன வாரம் கேட்டேன். மிஷினையே தள்ளிவிட்டுட்டு எழுந்து போனீங்க.

– கோபத்துல போனேன்.

– கோபம்னுதான் நானும் நினைச்சேன். மேல் உதடு மட்டும் பாக்கி. நாக்கை உள்ளே வச்சு உப்புங்க.

– சின்னச் சின்னதா. மூக்கு நுனியைத் தூக்கிக்கோ. சரசரன்னு வருது. ம். ம். நிறுத்து, அங்கே ரெண்டு முடி விட்டுட்டே, சத்தத்துல தெரியுது.

– ஆமா, இருந்துச்சு. எடுத்துட்டேன். முடிஞ்சுது.

– முடிஞ்சுதா?

– முடிஞ்சுது. படிகாரம் தடவியாச்சு, எரியுதா?

– லேசா.

– எங்கேயும் சுருக்குன்னு இருக்கா?

– நல்லாத்தான் மழிச்சிருக்கே. பொய் சொல்ல மாட்டேன், முதல் தரத்துக்கு ரொம்ப நல்லா இருக்கு. என் கை ஒரு வருஷம் பிடிச்சுது இந்தப் பதத்துக்கு வர்றதுக்கு.

– அப்போ மாப்பிள்ளை எனக்குத்தானே?

– இரு. இடது காதுக்குக் கீழே பாரு.

– என்ன?

– ரத்தம். ஒரே ஒரு சொட்டு. சின்னதுதான், ஆனா பந்தயம் பந்தயம்தான்.

– துண்டால ஒத்தி எடுத்தேனே, வெள்ளையா இருக்கே.

– இப்போதான் கசியுது. கண்ணாடியில சிவப்பா, தெளிவாத் தெரியுது. விடு தையல்காரி, இன்னும் நாலு மாசம் பழகினா வந்துடும். மாப்பிள்ளையை நான் பார்த்துக்கிறேன்.

– நல்லாப் பார்த்துட்டுச் சொல்லுங்க. நான் நகர்ந்துக்கிறேன், மறைக்கலை.

– ரெண்டு கண்ணாலயும் பார்த்துதான் சொல்றேன். இதோ கண்ணாடி, இதோ என் முகம், இதோ ரத்தம்.

– கண்ணாடியைத் துடைச்சு மாட்டினேன்னு சொன்னேனே, சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டியிருக்கேன். இவ்வளவு நேரமா உங்க முன்னால இருக்கிறது வெறும் பலகைங்க. சொல்லுங்க, எத்தனை மாசமா இப்படி?