லடாக் தரையில் விடுபட்ட நாலு அட்டை

மேடையில் வீற்றிருக்கும் நம் கட்டடத் தொழிலாளர் சங்கத் தலைவர் வைத்திலிங்கம் அவர்களே, அரியலூர், குரும்பலூர்னு பஸ் மாறி வந்து உட்கார்ந்திருக்கும் கொத்தனார்களே, சித்தாள்களே, கம்பி கட்டும் தோழர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

செந்துறை தந்த சிமெண்டுச் சிங்கம், கரணை பிடித்த சக்கரவர்த்தி வீரமுத்து மேஸ்திரி போய்ப் பதினாறு நாளாச்சு. அவரைப் பத்திப் பேச என்னை விட்டா யாரு இருக்கா? லடாக்குக்கு அவரோட போனவன் நான். செப்டம்பர்லயே அங்கே ஊத்துன டீ கிளாஸுக்கு வர்றதுக்குள்ள கல்லாயிரும். கடிச்சுத்தான் குடிச்சோம்!

அங்கே ஒரு பள்ளிக்கூட விடுதி கட்டினோம். தரைக்குக் கான்கிரீட் போடுறதுக்கு முன்னே அடியில நாலு விரக்கடை தடிமனுக்கு நுரை அட்டை பரப்பணும். தரையில தண்ணி தெளிச்சுப் படுக்கிற ஊர்க்காரன் நான். கான்கிரீட்டுக்கு எதுக்கு மெத்தைன்னு மேஸ்திரியைக் கேட்டேன். மேல எவ்வளவு அடுப்பு எரிஞ்சாலும் அடிமண்ணு சூட்டை உறிஞ்சுக்கிட்டே இருக்கும், அதைத் தடுக்கிறது இந்த அட்டை ஒண்ணுதான்னாரு. எந்த இன்ஜினியரு இவ்வளவு தெளிவாச் சொல்வாரு?

இனிமே சொல்லப்போறதுல நான் ஒண்ணும் சேர்க்கல. டென்ட்ல குளிர் தாங்காம நாலு அட்டையைத் தூக்கிட்டுப் போய் விரிச்சுப் படுத்துக்கிட்டேன். அதனால, விடுதிச் சமையல்காரம்மாவுக்குக் கட்டுன ரூம்ல ஒரு மூலைக்கு அட்டை பத்தல. மண்ணைத் தள்ளி மட்டம் பண்ணி, பிளாஸ்டிக் தாளை இழுத்து மூடிட்டேன். மேல கான்கிரீட் விழுந்துடுச்சு. மூணாம் நாள் மேஸ்திரி என் டென்டுக்குள்ள வந்து அட்டையைப் பார்த்தாரு. அடிக்கல, கத்தல.

"ராசாங்கம், அந்த மூலையில யாருப்பா படுக்கப்போறாங்க?"

அடுத்த வருஷம் அந்த மூலை மட்டும் ஏன் குளிருதுன்னு இன்ஜினியர் கேட்டப்ப, தன்னோட கவனப்பிசகுன்னு தலை குனிஞ்சவரு அவரு. அந்த வேலையும் அதோட போச்சு. நான்தான்னு சொல்ல எனக்கு வாய் வந்துச்சா? இத்தனை பேசுற வாய்!

அதுக்கப்புறம் எந்த வூட்டுக்குப் போனாலும், சித்திரை வெயிலா இருந்தாலும், உள்ளங்கையைத் தரையில வச்சுப் பார்த்துட்டுத்தான் உட்காருவாரு. நீங்கல்லாம் சிரிச்சீங்க. எனக்குச் சிரிப்பு வந்ததில்ல. தை பொறந்தா அந்தச் சமையல்காரம்மா, மூலை குளிருதுன்னு அவருக்குப் போன் பண்ணும். தங்கச்சி பாக்யலட்சுமி, அன்னைக்கெல்லாம் உன் வூட்டுக்காரரு ஏன் சாப்பிடலன்னு கேட்டுக்கிட்டே இருந்தியே, இதுக்குத்தாம்மா.

அவரைக் குளிர்பெட்டியில வச்சிருந்த அன்னைக்கு என் கை தானா அடித்தட்டுக்குப் போச்சு. தட்டு பனிக்கட்டியாக் கிடந்துச்சு. அந்நேரம் அவரு போன் அடிச்சுது. நான் எடுத்தேன். அந்தம்மாதான்.

"மேஸ்திரி, அந்த மூலை இன்னும் கடிக்குது"ன்னுச்சு இந்தியில.

போயிட்டாருன்னு நான் சொல்லல. பனி விட்டதும் வந்து சரி பண்ணித் தர்றேன்னேன், அவரு குரல்லயே.

தோழர்களே, ஜூன் மாசம் அந்த மூலையை உடைப்பேன். நாலு அட்டையையும் அடியில வச்சு மறுபடி கான்கிரீட் போடுவேன். கூட வர்றவங்க பேரு குடுங்க. யாரும் வராட்டியும் நான் போவேன். அங்கே அந்தம்மா, வீரமுத்து வருவாருன்னு காத்துக்கிட்டு இருக்கு.