கரைக்காரர்

எனக்கு நீச்சல் தெரியாது. நெய்வேலியில் அது ஒரு குறையே இல்லை. நகரியத்தில் நீச்சல்குளம் இருக்கிறது. பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள், நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்தேன். முப்பத்திரண்டு வருடம் சுரங்கத்தில் பம்ப் செக்‌ஷன். பூமிக்கடியில் ஊறும் தண்ணீரை இறைத்து வெளியே தள்ளுவதுதான் பிழைப்பு. தண்ணீரை அளந்து எழுதுகிறவன் அதில் இறங்கியே ஆகவேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை.

நாளை கிளமென்டுக்கு முதல் வருட நினைவுக் கூட்டம். குழு சார்பில் நான்தான் பேசவேண்டும் என்று அவர் மனைவி வினோலியா கேட்டிருக்கிறாள். பேசவேண்டியதை ஒரு பக்கத்தில் எழுதி மடித்து வைத்துவிட்டேன். இது அதில் சேராதது.

குழுவின் பெயர் 'துடுப்பு'. கேனோ என்கிற ஒல்லிப் படகில் ஏரியிலும் ஆற்றிலும் போகிற ஆசைக்காரர்கள் நூற்றுப் பத்துப் பேர், வாட்ஸ்அப்பில். தொடங்கியவன் நான். பத்து வருடத்துக்கு முன் பிச்சாவரத்தில், யாருடையதோ ஒரு கேனோவுக்குப் பக்கத்தில் துடுப்பைப் பிடித்து நின்று படம் எடுத்துப் போட்டேன். துடுப்பை எப்படிப் பிடிப்பது, காற்றில் எப்படித் திருப்புவது என்று கேட்டார்கள். படித்துப் பார்த்துச் சொன்னேன். சரியாக இருந்தது. மறுபடி கேட்டார்கள். நான் படகில் ஏறியதாக எங்கேயும் சொன்னதில்லை. ஏறவில்லை என்றும் சொன்னதில்லை. முழங்கால் தேய்ந்துவிட்டது, இனி இறங்குவதில்லை என்று ஒருமுறை எழுதினேன், நாற்பது பேர் வருத்தப்பட்டார்கள். செக்‌ஷனிலோ வீட்டிலோ என் முழங்காலைப் பற்றி ஒருத்தரும் கேட்டது கிடையாது.

கரைக்காரர் என்கிற ஏற்பாடும் என்னுடையதுதான். தண்ணீரில் இறங்குகிறவர் கரைக்காரரான எனக்குப் போன் செய்துவிட்டு, குழுவில் 'இறங்குறேன்' என்று போடவேண்டும். வெளியே வந்ததும் 'ஏறிட்டேன்'. எட்டு மணிக்குள் அது வராவிட்டால் பக்கத்து ஊர்க்காரர் தேடிக் கிளம்பவேண்டும். ஏரிக்கரை ஆட்களின் எண்களெல்லாம் என்னிடம் இருக்கும். இதைப் பார்த்து வேறு மாவட்டக் குழுக்கள்கூடப் பின்பற்றுகின்றன.

கிளமென்டுக்குக் கடலூர் முதுநகரில் லேத் பட்டறை. குழுவில் அவர் பெயர் 'உப்பனாறு'. ஒட்டுப்பலகையில் தானே படகு கட்டினார், நான் போனில் சொல்லச் சொல்ல. ஆறு வருடம் நேரில் பார்த்ததில்லை. ஆனால் பெங்களூரில் இருக்கும் என் மகன் மாதத்துக்கு ஒருமுறை பேசினால், இவர் தினமும் பேசுவார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். இதை நீங்கள் நம்பவேண்டும்.

போன வருடம் கார்த்திகையில் சொல்லாமல் கொள்ளாமல் குவார்ட்டர்ஸுக்கு வந்து நின்றார். கையில் ஒரு துடுப்பு. என் உயரத்துக்கு அவரே இழைத்தது. திலகவதி, என் மனைவி, காபி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"இவருக்கா துடுப்பு? நல்ல கூத்துங்க. கடலூர் பீச்சுக்குக் கூட்டிகினு போனா, செருப்பு நனையாத மணல்லயே நின்னுகினு இருப்பாரு. படகுன்னா ஒதறல் எடுக்கும். ஒரு நாளு ஏறினது இல்ல."

கிளமென்ட் சிரிக்கவில்லை. காபியைக் குடித்து முடித்தார். கேட்டுக்கு வெளியே வண்டியை எடுக்கும்போதுதான் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"வுடுங்கண்ணே. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். ரெண்டு பேர் உக்கார்ற படகு ஒண்ணு கட்டிக்கினு இருக்கேன். பொங்கல் கழிச்சு வாங்க, நான் கத்துக்குடுக்குறேன். எனக்கு எல்லாம் நீங்க சொல்லிக்குடுத்ததுதான."

கேலி செய்திருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். பாவம் பார்த்தார். அதற்குப் பிறகு குழுவில் அவர் 'அண்ணே' என்று எழுதும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசியது. சொல்லமாட்டேன் என்கிறவர் என்றைக்காவது ஒருநாள் சொல்லிவிடுவார், யாரோ ஒருவரிடம், அதுவும் பிரியமாகவே. பத்து வருடம் சேர்த்த மரியாதை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் சிரிப்பாய்ச் சிரித்துவிடும்.

மூன்றாவது வாரம் அவர் கரைமேட்டு ஏரிக்குப் போனார். மழைக்காலம், ஏரி நிரம்பி, உபரி நீர் வெளியேறும் கலிங்கு வழியாக வழிந்துகொண்டிருந்தது. காலை ஆறு பத்துக்கு 'இறங்குறேன்' வந்தது. ஏழு இருபத்தைந்துக்குப் போன் அடித்தது. தண்ணீர் புகாத உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டியிருப்பார். ஈரக் கையில் வேறு எண் தேடமுடியாது, கடைசியாகப் பேசிய எண்ணைத்தான் அழுத்தமுடியும்.

"அண்ணே, படகு கவுந்துடுச்சி. கலிங்குகிட்ட ஏதோ பழைய வலை, கால்ல மாட்டிகினு இருக்குது. தண்ணி இழுக்குது. கலியனுக்குப் போன் போடுங்க. அரைமணி நேரம் தாங்குவேன்."

கலியன் மீன் பிடிக்கிறவர். கலிங்குக்குப் பக்கத்திலேயே வீடு, பரிசல் வைத்திருக்கிறார். போனால் பத்து நிமிடம்.

"இதோ" என்றேன்.

"நீங்க இருக்கீங்கன்னுதான் அண்ணே தைரியமா எறங்கினேன்" என்றார். அதோடு வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் அழைக்கவில்லை. நான் சொன்னால் செய்வேன் என்று அவருக்குத் தெரியும்.

கலியனின் எண்ணை எடுத்தேன். திரையில் இருந்தது. சமையலறையில் திலகவதி சட்னிக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். நெடி வந்தது. திரை தானாக அணைந்தது, நான் மறுபடி தொடவில்லை. ஏழு ஐம்பதுக்கு அகிலா குழுவில் கேட்டாள். வடலூர்ப் பெண், கல்லூரியில் வேலை பார்க்கிறாள். 'கிளமென்ட் அண்ணா இன்னும் ஏறலையா? நான் வண்டியில போய்ப் பாக்கட்டுமா சார்?'

'ஏறிட்டார். போன்ல சொன்னார்' என்று பதில் போட்டேன். அவள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். நான் போய் இட்லி சாப்பிட்டேன்.

மதியம் மூன்று மணிக்கு உடலை எடுத்தார்கள். கை விரலெல்லாம் படகின் விளிம்பில் உரசிக் காயமாம். காவல்துறையில் கேட்டபோது, ஏறிவிட்டதாகத்தான் சொன்னார், மறுபடி சொல்லாமல் இறங்கியிருக்கவேண்டும் என்றேன். எல்லாரும் அதையே பேசினார்கள். இரண்டாவது முறை இறங்கினாலும் சொல்லிவிட்டு இறங்கவேண்டும் என்று குழுவில் புதிதாக விதி வந்தது. அதற்குக் கிளமென்ட் விதி என்று பெயர்.

வினோலியாவுக்கு மட்டும் அது பொறுக்கவில்லை. குவார்ட்டர்ஸுக்கே வந்தாள்.

"சொல்லாத எறங்குற ஆளு இல்லீங்கண்ணே அவரு. எல்லாரும் அவரு மேலயே பழி போடறாங்க. கடைசியா உங்ககிட்டதான பேசினாரு, என்னதான் சொன்னாரு?"

"பசிக்குது அண்ணே, வினோலியா காத்துக்கினு இருப்பா, போறேன்னு சொன்னாரும்மா" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நாளை அந்த வாக்கியத்தைத்தான் கூட்டத்தில் சொல்லச் சொல்லியிருக்கிறாள்.

சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நான் கலியனுக்குப் போன் செய்யவில்லை. தேடப்போக இருந்தவளையும் நிறுத்தினேன். கிளமென்ட் படகு கவிழ்ந்துதான் விழுந்தார், ஆனால் அவரைக் கொன்றது நான்.

நாளைக் காலை கூட்டத்துக்கு முன்பு, கிளமென்ட் நினைவாக, அவருடைய படகிலேயே அகிலா கரைமேட்டு ஏரியில் தனியாக இறங்குகிறாள். மழை விடவில்லை, கலிங்கு வழிகிறது. சற்று முன் எனக்குத் தனியாக எழுதியிருந்தாள். 'அண்ணா அன்னைக்குக் கரையில வச்சிருந்த பையைப் பாத்தேன் சார். மாத்துத் துணி, துண்டு எல்லாம் மடிச்ச மடிப்பு கலையாம அப்படியே இருக்கு. ஏறினவர் தலைகூடத் துவட்டலையா? ஏறி வந்ததும் உங்ககிட்ட இதப் பத்திக் கேக்கணும். நீங்கதானே சார் நாளைக்குக் கரை?'

ஆமாம்மா, தைரியமாக இறங்கு என்று பதில் போட்டேன். அலாரம் ஐந்தரைக்கு வைத்திருக்கிறேன். யார் எப்படிச் சொன்னாலும் சரி, கரைக்காரர் பொறுப்பை நான் ஒருநாளும் தட்டிக்கழித்தவன் இல்லை.