சந்தனத்துக்கு அடியில் ஒரு சண்டை

சமயபுரத்திலிருந்து சத்திரம் பேருந்து நிலையத்துக்கு வரும் பஸ்ஸில், மொட்டை போட்டுச் சந்தனம் பூசியிருந்த இளைஞர் ஒருவர், தலையில் வீங்கியிருந்த இடத்தைத் தொட்டபடி, பக்கத்திலிருந்த தன் அக்காவிடம் கேட்டார்:

"என் மண்டைக்குள்ள சண்டை நடக்குதா?"

"மண்டைக்குள்ள ஒண்ணும் இல்லடா, தோல்ல நடக்குது. காலைல கத்தி கீறின இடத்துல கிருமி நுழைஞ்சிருக்கும். அங்க காவலுக்கு இருக்கிற செல்லுங்க, ரத்தத்துல இருக்கிற செல்லுங்களையும் துணைக்குக் கூப்பிட்டிருக்கு. அதான் செவந்து வீங்கியிருக்கு."

"நாளைக்குப் பொண்ணு பாக்கப் போறோம்க்கா. இன்னும் கொஞ்சம் சந்தனத்தப் பூசி மறைச்சிடுறேன்."

"காயத்து மேல எதையும் அப்பாத. சோப்பு போட்டுக் கழுவு, மத்தத அதுங்க பாத்துக்கும்."

"பொண்ணு பாத்துட்டு வேண்டாம்னுட்டா?"

"பொண்ணு நர்ஸுடா. காயத்துல சந்தனத்த அப்பிட்டுப் போனாதான் வேண்டாம்பா."

அவர் அவசரமாகப் பையைத் துழாவினார்.

"தண்ணி பாட்டில் எங்கக்கா?"